பிரசர் பார்க்க எங்கே போவது? படுவான்கரை ஆம்பிளைகளும் எச்.எல்.சியும்

8 ஜனவரி 2025 – வெல்லாவெளி வாசகன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் நாற்பது தாண்டிய ஆம்பிளைகளில் எத்தனை பேர் பிரசரை ஒருக்காவாவது அளந்து பார்த்திருப்பார்கள்? பாம்புக்கடி, வெட்டுக்காயம், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி. மற்றப்படி அந்தப் பக்கமே இல்லை. ‘ஆரோக்கிய வாழ்வு நிலையம்’ என்று போர்ட் தொங்குகிறது, எல்லாரும் எச்.எல்.சி என்கிறார்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பெண்கள். அங்கே குந்தியிருப்பதைவிட, வருசத்துக்கு ஒருக்கா டவுனில் காசு கட்டி ஒரு பெரிய டொக்டரைச் சனல் பண்ணி ‘ஃபுல் செக்கப்’ எழுதி வாங்கினால் வேலை முடிந்தது என்பது என் கருத்து. பிழையா?

8 ஜனவரி – கிளினிக் மேசை

அரைவாசி பிழை. வருத்தம் பிடிபட்ட பிறகுதான் பெரிய டொக்டருக்கு வேலை. வருத்தம் இருக்கிறதா, இன்னும் பத்து வருசத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடுமா என்று பார்க்க எச்.எல்.சியில் உள்ள சாமானே காணும். தராசு, உயரம் அளக்கும் பலகை, பிரசர் மெசின், குளுக்கோமீற்றர், கொலஸ்ரோல் பார்க்கும் வசதி, சுவரில் ஒரு நிற அட்டவணை. காசு இல்லை. 40 முதல் 65 வயது வரை யாரும் டொக்டரின் துண்டு இல்லாமல் நேரே போகலாம்.

அடையாள அட்டை, இப்போது குடிக்கிற குளிசைகளின் மட்டை, பழைய ரிப்போட் இருந்தால் அது, இவ்வளவும் கையில் இருந்தால் போதும். முதல்நாள் இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு விடிய வெறுவயிற்றோடு வர வேண்டும். பச்சைத்தண்ணி குடிக்கலாம். தேத்தண்ணி, வெற்றிலை, சிகரட் கூடாது. பதிந்ததும் உயரம், நிறை எடுப்பார்கள். உயரத்துக்கு நிறை பார்க்கிற பி.எம்.ஐ, நம் ஆட்களுக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அந்த ரேப்பை காற்சட்டைப் பட்டி கட்டுகிற இடத்தில் பிடிக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு பிடிக்க வேண்டும். தொந்தி தொங்குகிற ஆட்கள் பட்டியை அதற்குக் கீழே இறக்கிக் கட்டுவதால், பட்டி அளவைச் சொன்னால் எல்லாரும் ஒல்லி.

பிறகு பிரசர், விரல் நுனியில் சீனி, கொலஸ்ரோல். வாய்க்குள் டோர்ச் அடித்தும் பார்ப்பார்கள். வெற்றிலை போடுகிறவர் அதற்காகவே போகலாம்.

8 ஜனவரி – குளிசைக் கணக்கு

‘ஃபுல் செக்கப்’ பக்கேஜ் துண்டை ஒருக்கா வாசித்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஆர் இருக்கும், யூரின் ஃபுல் ரிப்போட் இருக்கும், நெஞ்சு எக்ஸ்ரேயும் இருக்கும். பிரசர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

9 ஜனவரி – வாகரை பி.எச்.ஐ

மேலே ஒரு திருத்தம். 2011இல் தொடங்கும்போது 40–65 என்றுதான் இருந்தது. பிறகு 35 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதற்கும் கீழே, தாய் தகப்பனுக்குச் சீனி இருக்கிறது, நிறை கூட, சிகரட் பழக்கம் என்றால் அவர்களையும் பார்ப்பார்கள்.

பெண்கள் கூட வருவதற்குக் காரணம் ஆம்பிளைகளின் சோம்பல் மட்டும் இல்லை. கர்ப்பம், பிள்ளைக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக் என்று ஒரு பெண்ணின் பெயர் மருத்துவமாதுவின் பதிவில் எப்போதும் இருக்கிறது. வராவிட்டால் படலையில் வந்து கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தடுப்பூசிக்குப் பிறகு ஓர் ஆம்பிளையின் பெயர் எந்தச் சுகாதாரப் பதிவிலும் கிடையாது. அவனைத் தேடிப் படலைக்குப் போக யாரும் இல்லை.

நேரம் அடுத்தது. வார நாள் காலை என்பது மேசனுக்கும் வேளாண்மைக்காரனுக்கும் ஒரு நாள் கூலி. வாவியில் இரவில் வலை போடுகிறவர் காலை எட்டு மணிக்குத்தான் தூங்கப் போகிறார், அவரை வெறுவயிற்றோடு வா என்றால் எப்படி? அவருக்குப் பின்னேரம் வைத்தால் வருவார். மீன் இறங்குகிற துறையடி, நெல் ஆலை, ஓட்டோ ஸ்டான்ட், ஜும்மா முடிந்த பள்ளிவாசல் முற்றம், இந்த இடங்களுக்கு மெசினைக் கொண்டுபோனால் ஆம்பிளைகள் கையை நீட்டுகிறார்கள். அங்கே இருந்து அடுத்த இடமான கிளினிக்குக்குத்தான் வருவதில்லை.

9 ஜனவரி – வெல்லாவெளி வாசகன்

அப்படி ஒரு நடமாடும் கிளினிக்கில் ஓர் ஆளுக்கு 158/96. வயது 47. ‘கூடுதலா இருக்கு, உப்பைக் குறைங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். அவர் உப்பையும் குறைக்கவில்லை, வேறொன்றும் செய்யவில்லை. 158 என்பது குளிசை தொடங்க வேண்டிய அளவா?

10 ஜனவரி – கிளினிக் மேசை

ஒரே ஒரு அளவை வைத்து ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. 140/90 தான் கோடு. ஆனால் அளந்த விதம் சரியாக இருக்க வேண்டும். சைக்கிளில் வந்து இறங்கிய கையோடு, நின்றபடி, சேட்டுக் கையை மடித்து இறுக்கி, பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது அளந்தால் 20 வரைக்கும் கூடிக் காட்டலாம்.

ஐந்து நிமிசம் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் நிலத்தில் படக் குந்த வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி, சிகரட், புகையிலை போட்ட வெற்றிலை இருக்கக் கூடாது. சலம் கழித்துவிட்டு வர வேண்டும். கை மேசையில், நெஞ்சின் உயரத்தில். கஃபுக்குள் இருக்கிற காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 வீதத்தை மூட வேண்டும். தடித்த கைக்குச் சின்னக் கஃப் போட்டால் பிரசர் இல்லாதவனுக்கும் பிரசர் வரும். இரண்டு முறை, ஒரு நிமிச இடைவெளியில். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, கூடின கையையே பிறகும் பார்க்க வேண்டும். வேறொரு நாளும் கூடவாக இருந்தால்தான் பெயர் வைக்கலாம். வீட்டில் மெசின் இருந்தால் அங்கே கோடு 135/85. மணிக்கட்டில் கட்டுகிற மெசினை வாங்காதீர்கள், கை கொஞ்சம் கீழே போனாலும் கணக்கு மாறும்.

180/110 தாண்டினால் இந்த ஆறுதல் எல்லாம் கிடையாது, அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். தலையிடி, கண் மங்கல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி சேர்ந்திருந்தால் நேரே ஆதார வைத்தியசாலை.

அந்த 47 வயது ஆளுக்கு நடந்த பிழை எங்கே என்றால், அவர் கையில் ஒரு கடதாசி இல்லை. ‘இந்த அளவு, இந்தத் திகதியில், இந்த ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட’ என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

10 ஜனவரி – வாகரை பி.எச்.ஐ

கடதாசி கொடுத்தும் வராதவர்கள் நிறைய. கடதாசியில் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும், எந்த நாள், எத்தனை மணி என்று இராது. அந்த ஆள் சந்தை நாளில் போய், ‘இண்டைக்குக் கிளினிக் இல்லை’ என்று கேட்டுவிட்டுக் கிறுகி வந்தால், பிறகு வர மாட்டார். இரண்டாம் தடவையை அவர் வீட்டுக்குக் கிட்ட வைத்தால் வருகிறார்கள்.

11 ஜனவரி – கிளினிக் மேசை

நிற அட்டவணை பற்றி. வயது, ஆணா பெண்ணா, புகைப்பாரா, மேல் பிரசர், மொத்தக் கொலஸ்ரோல், சீனி இருக்கிறதா, இந்த ஆறையும் வைத்து ஒரு கட்டத்தைத் தேடினால், பத்து வருசத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு 10 வீதத்துக்குக் குறைவா, 10–20ஆ, 20–30ஆ, அதற்கு மேலா என்று நிறத்தில் தெரியும். பச்சை என்றால் ஒரு வருசத்தில் மறுபடி வரலாம். மஞ்சள் என்றால் சில மாதங்களில். அதற்கு மேல் என்றால் கிளினிக்குக்கு அனுப்பி மருந்து பற்றிக் கதைக்க வேண்டும்.

இதில் ஆட்கள் பிழை விடுகிற இடம் உண்டு. மாரடைப்பு ஏற்கெனவே வந்தவருக்கு இந்த அட்டவணை பொருந்தாது. பிரசர் விடாமல் 160/100க்கு மேல் நிற்பவருக்கும், கொலஸ்ரோல் 320 தாண்டியவருக்கும் அப்படித்தான். அவர்கள் கட்டம் பார்க்காமலே ஆபத்தில் இருப்பவர்கள். பிரசர் குளிசை குடிக்கிறவரின் 130ஐப் போட்டுப் பார்த்தாலும் பச்சை வரும், அது குளிசையின் பச்சை. தகப்பனுக்கு இளவயதில் மாரடைப்பு என்பதும் அட்டவணையில் இல்லை, அதை மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும். 42 வயதில் அநேகமான கட்டங்கள் பச்சையாகத்தான் இருக்கும், வயது காப்பாற்றுகிறது. அந்தப் பச்சையைக் கண்டுவிட்டு சிகரட்டைப் பற்றவைக்கிற ஆட்களும் உண்டு.

12 ஜனவரி – கண்ணாடிக்குழாய்

ஆய்வுகூடப் பக்கத்திலிருந்து சில.

குளுக்கோமீற்றர் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. சர்வதேசத் தரத்தின்படி 100க்கு (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) மேல் போனால் 15 வீதம் அங்கே இங்கே இருக்க மெசினுக்கு அனுமதி உண்டு. அதில் 126 காட்டினால் உண்மை 110ஆகவும் இருக்கலாம், 140ஆகவும் இருக்கலாம். நரம்பில் எடுத்த இரத்தத்தில், வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அறிகுறி இல்லாவிட்டால் வேறொரு நாள் மறுபடியும் அப்படி, அல்லது எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல், அப்போதுதான் சீனி வருத்தம்.

விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து ஈரம் காய விட வேண்டும். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் மெசின் மாம்பழத்தின் சீனியைச் சொல்லும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், நோவு குறைவு. பிழிந்து எடுக்க வேண்டாம். ஸ்ரிப் டப்பாவை மூடியே வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த ஸ்ரிப் கெதியாகக் கெடும்.

யாரோ ஒருவரின் சீனி ‘ஏழுதான், நல்ல குறைவு’ என்று சந்தோசப்பட்டால், ரிப்போட்டின் அடியில் மில்லிமோல் என்று இருக்கிறதா பாருங்கள். 18ஆல் பெருக்க வேண்டும். 7 என்பது 126.

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி. மாதா மாதம் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் அது கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரத்தம் ஏற்றியவருக்குப் பிழையாக வரும்.

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலச் சோதனை என்றால், முதல் வாய் சோறு வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம். கை கழுவினதிலிருந்து இல்லை. வழமையான குளிசையோடு, வழமையாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். சோதனைக்கு என்று இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்?

13 ஜனவரி – வெல்லாவெளி வாசகன்

நாளைக்குப் பொங்கல். சர்க்கரைப் பொங்கலுக்கு மறுநாள் சீனி பார்க்கலாமா?

13 ஜனவரி – கண்ணாடிக்குழாய்

பாருங்கோ தம்பி. கேட்டால் ‘பொங்கல் நேரம்’ என்று சொல்லுங்கோ. சித்திரை வருசம், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று எல்லாம் முடிந்த பிறகு பார்ப்போம் என்றால் அந்த நாள் வராது.

15 ஜனவரி – குளிசைக் கணக்கு

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று, கிளினிக் நாள் காலை. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

‘வெறுவயிற்றோடு வாங்க’ என்றதும் ஆட்கள் எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். பிரசர்க் குளிசை சாப்பாட்டோடு சம்பந்தம் இல்லாதது. லொசாட்டன், அம்லோடிபின், எனலாபிரில், நிஃபெடிபின் எஸ்.ஆர், இவற்றை விடிய ஒரு வாய் தண்ணியோடு போட்டுவிட்டு வரலாம், இரத்தச் சோதனை கெடாது. போடாமல் வந்து பத்து மணிவரை கதிரையில் காய்ந்தால் பிரசர் 170. டொக்டர் கிளினிக் கொப்பியைப் பார்க்கிறார், குளிசை குடிக்கிற ஆளுக்கு 170, அளவைக் கூட்டுகிறார். அந்த ஆள் வீட்டுக்குப் போய்க் கூட்டின அளவை ஒழுங்காகக் குடித்துத் தலை சுற்றி விழுகிறார். பிறகு ‘அந்த மருந்து எனக்கு ஒத்துவராது’ என்று எல்லாவற்றையும் நிறுத்துகிறார். இரண்டு மாதம் கழித்துப் பிரசர் 190.

சீனிக் குளிசை இதற்கு நேர் எதிர். கிளிக்கிளசைட்டைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் போட வேண்டும் என்று பழக்கம். அதை வீட்டில் போட்டுவிட்டு வெறுவயிற்றோடு வந்து, இரத்தம் கொடுக்க ஒன்பது மணியானால் வரிசையிலேயே சீனி இறங்கி வேர்த்து விறைத்துப் போவார்கள். அதைப் பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறதுக்கு முன் போட வேண்டும். இன்சுலினும் அப்படித்தான். மெற்ஃபோமின் சாப்பிட்ட பிறகு.

சலத்தைக் கூடப் போக வைக்கிற சலக் குளிசை தனிக் கதை. ஃபுருசமைட், எச்.சி.ரி குடிக்கிற பெண்கள் கிளினிக் நாளில் விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், இறங்கினால் கழிப்பறை எங்கே என்று தெரியாது. விடுவது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். ‘கிளினிக் நாளில் வீட்டுக்குப் போய்க் குடிக்கட்டுமா?’ என்று கேட்டால் ஓம் என்பார். கால் வீக்கம், மூச்சு வாங்கல் உள்ளவர் என்றால் கேட்காமல் நேரம் மாற்றக் கூடாது.

15 ஜனவரி – கிளினிக் மேசை

கண்ணை மூடிக்கொண்டு ஆமோதிக்கிறேன். டொக்டர் முன் குந்தியதும் முதல் சொல்ல வேண்டியது ‘இண்டைக்குக் காலையில் பிரசர்க் குளிசை போட்டனான்’ அல்லது ‘போடல்ல’. அந்த ஒரு வசனத்துக்காக யாரும் ஏச மாட்டார்கள். ஏசினாலும் ஏச்சு அளவு கூடின குளிசையை விட நல்லது.

16 ஜனவரி – சாய்ந்தமருது காக்கா

மார்ச் தொடக்கத்தில் நோன்பு. சீனி உள்ளவங்க எங்கட பக்கம் ரெண்டு கூட்டம். ஒரு கூட்டம் கிளினிக்கில் சொல்லாமலே நோன்பு பிடிச்சி, பகல் குளிசையை விட்டுப்போடும். மத்தக் கூட்டம் பயத்தில் எல்லாத்தையும் சஹருக்கே (விடியுமுன் சாப்பாடு) போடும். எது மோசம்?

16 ஜனவரி – கிளினிக் மேசை

காக்கா, இரண்டாவது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவற்றை முழு அளவில் சஹருக்குப் போட்டால் அசர் (பின்னேரத் தொழுகை) நேரத்துக்கு முன் சீனி இறங்கும். நோன்பு துறக்கிற நேரத்துக்குப் பெரிய பங்கும் சஹருக்குக் குறைந்த பங்கும் என்று மாற்றிக் கொடுப்பது வழமை. அதை டொக்டர்தான் மாற்ற வேண்டும். ஆறு, எட்டு வாரம் முன்னாலேயே கதைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அதாவது இந்தக் கிளினிக், அடுத்த கிளினிக் இல்லை. மெற்ஃபோமினை இரண்டு சாப்பாட்டுக்கும் பிரிக்கலாம்.

விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றுதான் உலமாக்கள் சொல்கிறார்கள், அதனால் பகலில் பார்க்கலாம். 70க்குக் கீழே அல்லது 300க்கு மேலே என்றால் துறந்துவிட வேண்டும், மக்ரிபுக்கு (நோன்பு துறக்கிற நேரம்) அரை மணித்தியாலம்தான் இருந்தாலும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிசத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் ஒரு நாளில் பல தடவை போடுகிறவர், சிறுநீரகம் பழுதானவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், சீனி இறங்குவதே தெரியாமல் மயங்குகிறவர், இவர்களுக்கு நோன்பு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

17 ஜனவரி – சாய்ந்தமருது காக்கா

கஞ்சியும் பேரீச்சம்பழமும் பற்றி ஒண்டும் சொல்லல்லியே.

17 ஜனவரி – கிளினிக் மேசை

பேரீச்சம்பழம் ஒன்று, கூடினால் இரண்டு. கஞ்சி ஒரு கோப்பை. நான் பயப்படுவது அதற்குப் பக்கத்தில் இருக்கிற சர்பத்துக்கும் ரோல்ஸுக்கும்.

19 ஜனவரி – குளிசைக் கணக்கு

இரண்டு கொப்பி வைத்திருப்பவர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒன்று, பின்னேரம் சனல் பண்ணுகிற டொக்டரின் ஃபைல் ஒன்று. ஒன்றை மற்றவருக்குக் காட்டுவதில்லை. கிளினிக்கில் கொலஸ்ரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின் என்று மருந்தின் பெயரில் பொட்டலம், வெளியே பார்மசியில் அதே மருந்து கம்பனிப் பெயரில் வேறு நிற மட்டை. இரண்டையும் இரவில் விழுங்குகிறார்கள். இதைவிடக் கெட்டது எனலாபிரில் ஒரு பக்கமும் லொசாட்டன் மற்றப் பக்கமும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். இரண்டு டொக்டரையும் பார்க்கலாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் கொப்பி ஒன்றாக இருக்க வேண்டும், எல்லா மட்டையும் ஒரே பையில் வர வேண்டும்.

அடுத்தது முழங்கால் நோவுக்கு டைக்குளோஃபெனக். லொசாட்டன், சலக் குளிசை, டைக்குளோஃபெனக், இந்த மூன்றும் ஒரே ஆளின் வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிற வழியை மூன்று பக்கமாக நெரிக்கும். பிரசரையும் கூட்டும். வேளாண்மை வெட்டு நேரத்தில் வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணி குறைந்திருந்தால் இன்னும் மோசம். நோவுக்கு முதலில் பரசிற்றமோல். வயிற்றோட்டம், வாந்தி வந்து சாப்பாடு நிற்காத நாட்களில் சலக் குளிசை, லொசாட்டன், மெற்ஃபோமின் மூன்றையும் தொடர்வதா என்று அன்றே கேட்க வேண்டும்.

எஸ்.ஆர் என்று எழுதின குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. மெல்ல மெல்ல விட வேண்டிய மருந்தை ஒரேயடியாகக் கொட்டும். நெஞ்சு வலிக்கான ஐசோசோபைட் மொனோனைட்ரேற் 20 மில்லிகிராம் இரண்டு நேரம் என்று இருந்தால், காலை எட்டு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும். காலையும் இரவும் போட்டால் உடம்பு பழகி மருந்து வேலை செய்யாது. நாக்குக்கடியில் வைக்கிற ஜி.ரி.என் குளிசையைக் கறுத்தப் போத்தலை விட்டு வெளியே எடுத்துப் பொட்டலத்தில் மடித்து வைக்காதீர்கள். போத்தலைத் திறந்து எட்டு வாரம்தான். திறந்த திகதியை மூடியில் எழுதி வையுங்கள்.

20 ஜனவரி – வெல்லாவெளி வாசகன்

மெற்ஃபோமின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று ஊரெல்லாம் கதை. அதனால் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

20 ஜனவரி – குளிசைக் கணக்கு

கதை தலைகீழ். சீனி கூடி நின்றால் சிறுநீரகம் பழுதாகும். பழுதான பிறகு மெற்ஃபோமின் உடம்பில் தேங்கும், அதனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்குக் கீழே வந்தால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். டொக்டர் நிறுத்தினதைக் கண்ட பக்கத்து வீடு ‘அதாலதான் வந்தது’ என்று முடிவு கட்டிவிட்டது. வருசத்துக்கு ஒருக்கா இரத்தத்தில் கிரியற்றினின், சலத்தில் அல்புமின், கண் பரிசோதனை, பாதத்தில் 10 கிராம் நைலோன் நூலால் தொட்டுப் பார்ப்பது, இவை நான்கும் நடந்ததா என்று கொப்பியைப் பிரட்டிப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

26 ஜனவரி – வாகரை பி.எச்.ஐ

மாரி. நவம்பர் கடைசியில் வெள்ளம் றோட்டை மூடினபோது, கிளினிக் நாள் வந்தும் வர ஏலாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் பாதைகள் (வாவியைக் கடக்கிற மிதவைகள்) ஓடாவிட்டால் அக்கரைக்கு ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. ஒக்டோபர் கிளினிக்கிலேயே ‘மாரி வருது, ரெண்டு கிழமைக்குக் கூடத் தாங்க’ என்று கேட்பதில் வெட்கம் இல்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள், ஏலாத காரியம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த இரண்டு கிழமைக் குளிசையைப் போத்தலில் இறுக்கி, கொப்பியோடு பொலித்தீன் பையில் கட்டி, பரணில் வைக்க வேண்டும். கொப்பி நனைந்தால் பத்து வருசம் போச்சு. போனில் கடைசி இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

26 ஜனவரி – குளிசைக் கணக்கு

இன்சுலின்: திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை, பிரிட்ஜின் நடுத்தட்டில். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்தால் எறிய வேண்டியதுதான், உருகிய பிறகு பார்க்க நல்லதாகத் தெரிந்தாலும். திறந்த போத்தல் நான்கு கிழமை. பிரிட்ஜ் இல்லாத வீட்டில், மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி அதற்குள் சின்னச் சட்டி ஒன்றைப் பதித்து, போத்தலை அதில் வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம். மணலுக்குக் காலை மாலை தண்ணி தெளிக்க வேண்டும். மாரிப் புழுக்கத்தில் இது கோடை மாதிரிக் குளிராது, ஆனால் வெளியே வைப்பதைவிட நல்லது. தெளிவான இன்சுலின் கலங்கினாலோ, பால் நிற இன்சுலினை உருட்டியும் கட்டி கரையாவிட்டாலோ போட வேண்டாம்.

2 பெப்ரவரி – வெல்லாவெளி வாசகன்

அந்த 47 வயது ஆள் எச்.எல்.சிக்குப் போய்விட்டார். இரண்டு நாளிலும் 150க்கு மேல், வெறுவயிற்றுச் சீனி 118. சிகரட் ஒரு நாளைக்கு ஐந்து. கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அவர் கேட்பது, பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையா, போதனாவா?

2 பெப்ரவரி – கிளினிக் மேசை

பக்கத்தில். 118 என்பது சீனி வருத்தம் இல்லை, அதன் வாசல். இவ்வளவுக்குப் போதனா வைத்தியசாலையில் ஒரு நாளை முழுதாகக் கொடுக்கத் தேவையில்லை. பிரசர் மூன்று மருந்துக்கும் அடங்காவிட்டால், சிறுநீரகம் பழுது, ஈ.சி.ஜியில் மாற்றம், நெஞ்சு வலி, சீனிக்கு இன்சுலின் தேவை, இப்படி ஏதும் வந்தால் துண்டோடு மேலே அனுப்புவார்கள். 30 வயதில் 160 என்றாலும் மேலே போய்க் காரணம் தேட வேண்டும்.

சிகரட் ஐந்துதானே என்று சொல்லுவார். ஐந்துக்கும் இதயத்துக்கு ஆபத்து உண்டு, இருபதில் நாலில் ஒன்று என்று கணக்குப் பார்க்க ஏலாது. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, 5 கிராம். கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல் மூன்றும் ஒரே கோப்பையில் விழுகிற நாளில் அது காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். பிளேன்டீக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 12 கரண்டி சீனி, கிட்டத்தட்ட 50 கிராம். அதை நிறுத்தினாலே 118 கொஞ்சம் இறங்கப் பார்க்கும்.

3 பெப்ரவரி – வாகரை பி.எச்.ஐ

கருவாட்டைத் தொடாதீங்க மிஸ்ஸி, சண்டை வரும்.

3 பெப்ரவரி – கிளினிக் மேசை

சுடுதண்ணியில் ஊறப்போட்டு இரண்டு தண்ணி மாற்றி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கட்டும். கிழமைக்கு ஒருநாள்.

9 பெப்ரவரி – கண்ணாடிக்குழாய்

ஒருவரும் எழுதாதது, நெஞ்சு வலி வந்த அன்று. ‘வாய்வு’ என்று இஞ்சித் தண்ணி, சோடா, முதுகில் எண்ணெய் தடவல், பிறகு விடியட்டும் என்று படுக்கை. நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ இழுவை, குளிர்ந்த வேர்வை, 15 நிமிசம் தாண்டினால் 1990. காசில்லாத அம்புலன்ஸ். சீனி உள்ளவருக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வை, மூச்சு வாங்கல், வாந்தி மட்டும் வரலாம்.

9 பெப்ரவரி – கிளினிக் மேசை

வந்த பத்து நிமிசத்துக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஓபிடி வரிசையில் நிற்காமல் ‘நெஞ்சு வலி’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி 12 மணித்தியாலத்துக்குள், முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான் அதற்குப் பலம். அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராமைச் சப்பி விழுங்கலாம். வீட்டில் இருக்கிற 75 என்றால் நான்கு. சனல் செண்டருக்குப் போய் நம்பர் எடுக்கிற இடம் இது இல்லை. தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

வாய் கோணல், ஒரு பக்கக் கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் அஸ்பிரினைத் தொட வேண்டாம். தலைக்குள் அடைப்பா கசிவா என்பது சி.ரி எடுத்தால்தான் தெரியும், கசிவுக்கு அஸ்பிரின் விசம். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான். கடைசியாக நல்லாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், அந்த நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். நித்திரையால் எழும்பும்போதே அப்படி என்றால், படுத்த நேரத்தைச் சொல்ல வேண்டும்.

11 பெப்ரவரி – வெல்லாவெளி வாசகன்

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே போதனாவில் கிளினிக் போகிறவர், பிரசரும் சீனியும் அடங்கித்தான் இருக்கிறது. பக்கத்துக்கு மாற ஏலுமா?

11 பெப்ரவரி – கிளினிக் மேசை

ஏலும். கிளினிக் டொக்டரிடமே கேளுங்கள், வரிசை குறைவதில் அவருக்கும் சந்தோசம். மாற்றக் கடிதம், டயக்னோசிஸ் காட், கடைசி ஈ.சி.ஜி, எக்கோ எடுத்திருந்தால் அதன் ரிப்போட், இவற்றின் பிரதி வாங்க வேண்டும். அதற்கு முன் பக்கத்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் குளிசைப் பட்டியலைக் காட்டி, எது எது அங்கே இருக்கும் என்று கேட்டுவிட வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளில் சில மருந்து இராது, அப்படி இருந்தால் மாறின பிறகு மாதா மாதம் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். முதல் மாதம் பழைய கிளினிக் திகதியை வெட்டாமல் வைத்திருங்கள். புதிய இடத்தில் கொப்பி திறந்து மருந்து கைக்கு வந்த பிறகு பழையதை விடலாம்.

12 பெப்ரவரி – குளிசைக் கணக்கு

பழைய இடத்து மிச்சக் குளிசையையும் புதிய இடத்துக் குளிசையையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். நிறமும் அளவும் மாறியிருக்கும், முந்தி 25, இப்போ 50 என்று. பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் திறவுங்கள்.